மீஞ்சூர் நெல்லுக்குச் சொட்டுநீரா, காய்ச்சலும் பாய்ச்சலுமா?

எந்த ஊர் விவசாயி தண்ணீரில்லை என்றாலும் "சொட்டுநீர் போடுங்க" என்றே சொல்கிறார்கள். கொங்குப் பக்கம் அது சரி. போர்வெல், தென்னை, மஞ்சள், காய்கறி என்று இருக்கும் இடத்தில் விடுகிற தண்ணீரில் 90 சதவீதம் வரை வேருக்குப் போகும், சிறு, குறு விவசாயிக்கு முழு மானியமும் உண்டு. மிச்சத்தை நம்பி இன்னொரு ஏக்கர் தென்னை வைத்தால் மோட்டார் ஓடுவது குறையாது, அது வேறு கதை.

டெல்டாவில் போட்டியே கிடையாது, நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்தான், அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவது. துளை போட்ட பைப்பை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சினால், 30 சதவீதம் வரை மிச்சம் என்கிறது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும்போது "நாலு நாள் கழிச்சு விடுங்க" என்று கேட்க முடியுமா? கடைமடைக்காரர் வந்த அன்றே ரொப்பிக்கொள்கிறார், அதில் தப்பில்லை. மேல்மடையில் கசிவது பக்கத்து போர்வெல்லில் திரும்பி வரும், கடலோரத்தில் உப்போடு கலந்து போகும். கணக்கில் இரண்டுக்குமே 'இழப்பு' என்று ஒரே பெயர்.

இப்போது சென்னைக்கு வடக்கே நம்ம மீஞ்சூர், பொன்னேரி. கொசஸ்தலையாறு, ஆரணியாறு படுகையில் நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்குமாகப் பல வருடம் இறைத்ததில் கடல் நிலத்தடியில் உள்ளே வந்துவிட்டது. அதனால் இங்கே வயலில் கசிகிற நல்ல தண்ணீரை வீண் என்று ஒதுக்க மாட்டேன், அது உப்பைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது. ஏரிப் பாசனமா, தாராளமாகப் பாய்ச்சுங்கள். கிணற்றில் இறைத்துக் கட்டுகிற தண்ணீருக்கு அந்தச் சலுகை இல்லை, எடுத்த இடத்துக்கே திரும்புவதில் வெயில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

கிணற்று நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்தான் என் ஓட்டு. மோட்டார் சுவிட்ச் நம் கையில் இருக்கிறது, டெல்டாக்காரருக்கு இல்லாத வசதி அது. என்ன, கரண்ட் இலவசமாக இருக்கும்போது யார் எழுந்து போய் நிறுத்துவது!

சொட்டுநீரை உப்பு ஏறாத மேற்குப் பக்கத்தில் பூவுக்கும் கத்தரிக்கும் போடலாம். உவர்த் தண்ணீரில் போட்டால் உப்பு ஈரத்தின் ஓரத்தில் சேரும், சின்னத் தூறல் விழுந்தால் வேருக்குள் இறங்கும், நல்ல ஐப்பசி மழைதான் அதைக் கழுவ வேண்டும்.

நெல்லூரையும் சேர்த்துப் பாருங்கள். ஆந்திராவின் கண்டலேறு அணைத் தண்ணீர் அந்த ஊர் வயலுக்கும் போகிறது, பூண்டி வழியாகப் புழலுக்கும் வருகிறது. அப்படியானால் அங்கே நெல்லில் மிச்சம் பிடித்தால் நம் குழாயில் வருமா? ஆந்திராவோடு போட்ட 1983 ஒப்பந்தப்படி நமக்குச் சேர வேண்டிய 12 டி.எம்.சி.யே பல வருடம் முழுசாக வந்ததில்லை. மிச்சமானது முதலில் அவர்கள் கடைமடைக்குத்தான் போகும், போகட்டும்.