பாத்திரக் கடைக்கு எழுதியவனின் பார்வையில் சர்ச் கன்சோல்

தேடலில் முதல் பக்கத்துக்கு வரும்படி எழுதக் கற்றுத்தரும் வகுப்புகளுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் நானும் பணம் கட்டிப் படித்தேன். முக்கியச் சொல்லை நூறு வார்த்தைக்கு எத்தனை முறை நுழைக்க வேண்டும் என்று அங்கே கணக்குச் சொன்னார்கள். பக்கத்தின் முக்கியச் சொற்களைத் தேடுபொறிக்காக மறைவாகப் பட்டியலிடும் கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கைத் தவறாமல் நிரப்பச் சொன்னார்கள். தரவரிசைக்கு அந்த டேக்கைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. நான் உருப்படியாகக் கற்றதெல்லாம் காசு கேட்காத கூகுள் சர்ச் கன்சோலில்தான். நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தென்படுகிறது என்று தளக்காரருக்குக் காட்டும் கருவி அது. மயிலாப்பூரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியின் இணையதளத்துக்குப் பல ஆண்டுகளாகத் தமிழில் எழுதி வருகிறேன்.

2015 வரை இதன் பெயர் வெப்மாஸ்டர் டூல்ஸ். தளம் நம்முடையதுதான் என்று உறுதிசெய்துவிட்டால் கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் பக்கம் தென்பட்ட எண்ணிக்கை), சி.டி.ஆர். (தென்பட்டதில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது), சராசரி இடம் (முடிவுகளில் எத்தனையாவதாக வருகிறது) என நான்கு எண்களைக் காட்டும். பெரும்பாலோர் அந்த வரைபடத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சரக்கு அதற்குக் கீழே, மக்கள் என்ன தட்டித் தேடினார்கள் என்று காட்டும் தேடல் பட்டியலில் இருக்கிறது.

ஈயச் சொம்பு பற்றிய பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ரசத்தின் மணம், பாட்டி காலத்துக் கைப்பக்குவம் என்று அதில் நிறைய இருந்தது. பட்டியலைத் திறந்தால், வந்தவர்கள் கேட்டது வேறு: அடுப்பில் வைத்தால் உருகிவிடுமா? ஈயம் உடம்புக்குக் கெடுதல் இல்லையா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பக்கம் எங்கோ பின்வரிசையில் தலைகாட்டிக்கொண்டிருந்தது. கடைக்குப் போய்க் கேட்டேன். “வெறுஞ்சொம்பைத் தீயில் ஏற்றினால் அவ்வளவுதான், தம்பி. முதலில் புளித்தண்ணீர், அப்புறம்தான் அடுப்பு. தீயும் அடியோடு நிற்க வேண்டும், பக்கவாட்டில் ஏறக்கூடாது” என்றார். ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அது 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே ரசம் இருக்கும்வரை அடிப்பாகத்தின் சூடு கொதிநிலையைத் தாண்டி அதிகம் ஏறாது. உடம்புக்கு ஆகாதது காரீயம். அது வேறு உலோகம். அதைக் கலந்து விற்பவர்களும் இருப்பதால், வாங்கும்போது வெள்ளீயம்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இவற்றை மேலே கொண்டுவந்து, மணத்தைக் கீழே தள்ளினேன். சில மாதங்களில் பக்கம் மேலேறியது. சொம்பு என்ற சொல்லை எத்தனை முறை எழுதினேன் என்று இன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே கேள்வியை ஒருவர் தமிழ் எழுத்தில் தட்டுகிறார். இன்னொருவர் ஆங்கில எழுத்தில், மனம்போன எழுத்துக்கூட்டலில் தட்டுகிறார். 2021-இல் வந்த ரெஜெக்ஸ் வடிகட்டியில் (ஒரு சொல்லின் பல வடிவங்களை ஒரே குறிமுறையில் தேடும் வசதி) அத்தனை கூட்டல்களையும் ஒரே வரியில் திரட்டிப் பார்க்கலாம். அதற்காகக் கட்டுரைக்குள் ஆங்கில எழுத்துத் தமிழைத் திணிக்கத் தேவையில்லை. நல்ல தமிழில் எழுதிய பக்கமே அந்தத் தேடல்களுக்கும் வருவதைப் பட்டியலில் பார்க்கிறேன். பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வைக்கிறேன். தமிழில் வைத்தால் தரவரிசை ஒன்றும் குறையாது. ஆனால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது ‘ஈயச் சொம்பு’ என்ற இரண்டே சொற்கள், இடைக்கோட்டையும் சேர்த்து, சதவீதக் குறிகளும் எண்களுமாக 91 எழுத்துகளுக்கு நீண்டுவிடும். அதைப் பார்த்தால் யாருக்கும் தொடக் கை வராது.

சராசரி இடம் என்ற எண்ணை நம்பி மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம். பக்கம் நன்றாகப் போகத் தொடங்கினால் புதிய தேடல்களுக்கும் அது தென்படும், முதலில் பின்வரிசையில். உடனே சராசரி சரியும், கிளிக்கோ கூடிக்கொண்டிருக்கும். ஒரு முறை அண்ணாச்சி இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் பதறினார். தேடல் வாரியாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

குறைகளும் உண்டு. மிகச் சிலர் மட்டும் கேட்ட தேடல்களைத் தனியுரிமை கருதி கூகுள் மறைத்துவிடும். அட்டவணையைக் கூட்டினால் மேலே உள்ள மொத்தத்தோடு ஒத்துப்போகாது. பெரிய ஆங்கிலத் தளங்களுக்கு இது உறைக்காமல் போகலாம். சின்னத் தமிழ்த் தளத்துக்கு அப்படிச் சிலர் கேட்பதுதான் முக்கால் பங்கு வியாபாரம். திரையில் 1000 வரிகளுக்கு மேல் காட்டாது என்ற வரம்பு எங்களைப் போன்றவர்களைத் தொடுவதே இல்லை. இன்டெக்ஸ் செய்ய, அதாவது பக்கத்தைக் கூகுளின் தேடல் பட்டியலில் சேர்க்க, கோரும் பொத்தானை அழுத்தினால் வேண்டுகோள் போய்ச் சேரும், அவ்வளவே. திரும்பத் திரும்ப அழுத்துவதால் பக்கம் சீக்கிரம் ஏறிவிடாது.

2018-இல் வந்த புதிய பதிப்பில் 16 மாதத் தரவு கிடைக்கிறது. அதற்கு முன்பு 90 நாள்தான். எங்களுக்கு இது பெரிய வித்தியாசம், ஏனென்றால் வெண்கலப் பானையைத் தேடுகிறவர்கள் மார்கழியில்தான் வருகிறார்கள். இந்தப் பொங்கலைப் போன பொங்கலோடு வைத்துப் பார்க்க 16 மாதம் போதும். அதற்கும் முந்தைய பொங்கல் வேண்டுமென்றால் நாமே சேமித்து வைத்திருக்க வேண்டும். தை முடிந்ததும் நான் அட்டவணையைப் பதிவிறக்கி வைத்துக்கொள்கிறேன். கார்த்திகையில் அதைத் திறந்து, போன வருடம் என்ன கேட்டார்கள் என்று பார்த்து, பானைப் பக்கத்தைத் திருத்துவேன். எத்தனை படி அரிசிக்கு எந்த அளவுப் பானை என்ற கேள்விதான் தொடர்ந்து முன்னால் நிற்கிறது. அதற்கான அளவுப் பட்டியலை அண்ணாச்சிதான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன்.