உணவுப் பொட்டலமா, கையில் பணமா?

வறுமையில் வாடும் தாய்மார்களுக்கும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் சத்துமாவுப் பொட்டலம், பணம் இரண்டில் எதை வழங்குவது என்று தயங்குவோர் பலர்.

செலவு: மாவை அரைத்து, ஈரம் படாமல் சேமித்து, வண்டியேற்றி அனுப்ப வேண்டியிருப்பதால் பொட்டலத்துக்குச் செலவு அதிகம்; பணத்துக்குக் குறைவு.

உறுதி: விலை ஏறினால் பணத்தின் மதிப்பு கரையும், பொட்டலத்தின் எடை மாறாது.

சத்து: இங்கேதான் நிதானம் வேண்டும். ஆறு மாதம் நிறைந்த குழந்தையின் வயிறு மிகச் சிறியது என்பதால், அது விழுங்கும் சில கரண்டிக் கூழிலேயே இரும்பும் துத்தநாகமும் சேர்வதற்குச் செறிவூட்டிய மாவு பெரிதும் உதவும். ஆனால் அதே பொட்டலத்தை மூத்த பிள்ளைகளும் பகிர்ந்துகொள்வார்கள். பசித்த பிள்ளையின் தட்டை எந்தத் தாய் விலக்குவாள்? பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை. முட்டை, காய்கறி, பழம் எனப் பலவகை உணவுகளால் அதை ஈடுசெய்யப் பணமே வழிவிடும்.

சந்தை எட்டாத ஊர்களுக்கும் விலை நிலையற்ற காலங்களுக்கும் பொட்டலம் பொருந்தும். சந்தை அருகில் இருந்தால், ஊட்டும் முறை பற்றிய ஆலோசனையுடன் தாயின் கையிலேயே பணத்தைக் கொடுப்பதே நல்லது என்பேன். எதைத் தேர்ந்தாலும், முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும்.