ஆனேக்கல் நிலமும் செயற்கைக்கோள் படங்களும்: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே ஆனேக்கல் அருகே நான்கு ஏக்கர் செம்மண் நிலத்தைக் கவனித்துவரும் எனக்கு, எந்தப் பகுதிக்குத் தண்ணீர் போதவில்லை என்பதை அறிய மூன்றாண்டுகளாகத் துணைநிற்பவை, ஐந்து நாட்களுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும், ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களே. அவற்றை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து பார்க்கிறேன், அதுவும் இலவசம்தான்.

படத்தின் ஒரு கட்டம் (பிக்சல்) தரையில் 10 மீட்டர் நீள அகலம் கொண்டது. அதாவது, என் நிலத்துக்கு ஏறத்தாழ 160 கட்டங்கள். இலையின் ஈரத்தைக் கணிக்க உதவும் குறுஅலை அகச்சிவப்பு (கண்ணுக்குத் தெரியாத ஒளி) பட்டையில் கட்டம் 20 மீட்டராகிவிடுவதால், 40 கட்டங்களே தேறும். வரப்போரத் தென்னைகள் கலந்துவிடும் ஓரக் கட்டங்களையும் நீக்க வேண்டும் என்பதால், ஒரு ஏக்கருக்கும் குறைந்த துண்டு நிலத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் ஆண்டு மார்ச்சில், தக்காளி காய்பிடித்த நேரத்தில், வடகிழக்கு மூலையின் பசுமைக் குறியீடு (பயிரின் பசுமையைப் படத்திலிருந்து கணக்கிடும் எண்) அடுத்தடுத்த மூன்று படங்களில் இறங்கியது. நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனை அழைத்தால், "மோட்டார் நல்லாத்தான் ஓடுது தம்பி, தண்ணி போகுது" என்றார். சனிக்கிழமை நேரில் போய்ச் சொட்டுநீர்க் குழாயின் கடைமுனை அடைப்பானைக் கழற்றியபோது, வெண்சுண்ணம் கலந்த கலங்கல் நீர் நூலாக வடிந்தது. போர்வெல் தண்ணீரின் உப்பு, சொட்டுவான்களின் வாயையே அடைத்திருந்தது. அடைப்பு இருப்பதைப் படம் சொல்லவில்லை. போய்ப் பார்க்க வேண்டிய இடத்தைச் சொன்னது. ஆனால் பசுமை குறைந்தது படத்தில் தெரிவதற்குள் செடி வாடத் தொடங்கியிருந்தது. அதனால் இப்போது, அகச்சிவப்புப் பட்டையைக் கொண்டு இலையின் ஈரத்தைக் கணிக்கும் ஈரக் குறியீட்டையே முதலில் பார்க்கிறேன்.

தென்மேற்கில் எப்போதும் மங்கலாகத் தெரியும் ஒரு திட்டுக்கு ஒரு பருவம் முழுவதும் கூடுதல் தண்ணீர் விட்டும் பயனில்லை. கடப்பாரையால் தோண்டியதில் ஒன்றரை அடியிலேயே பாறை தட்டியது. மூன்று கோடைகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, அந்தத் திட்டைத் தவிர்த்துத் துணைக் குழாய் பதித்து, நிலத்தைத் தனித்தனி வால்வு கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரித்தேன். தண்ணீர் மிச்சப்பட்டது இந்தத் திட்டமிடலால்தான். வாராவாரம் படம் பார்த்ததால் கிடைத்த பலன் இதைவிடக் குறைவு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் பெரும் தொல்லை. நான் கட்டணம் செலுத்திப் பார்த்த ஒரு செயலி, மேகம் மறைத்த நாட்களுக்குக் கணிப்பு மதிப்பை நிரப்பி, அது கணிப்பு என்று குறிப்பிடாமலே காட்டியது. தண்ணீர் விடுவதைத் தீர்மானிக்கும் விவசாயியிடம் இப்படி மறைப்பது பெரும் தவறு. மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படங்களிலோ, பயிரின் அடர்த்தியும் மண்ணின் ஈரமும் கலந்தே தெரிவதால் என் சிறு நிலத்துக்கு அவற்றைக் கொண்டு முடிவெடுக்க இயலவில்லை. ஆகஸ்டில் மழை இடைவெளி விட்டால், ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தே வால்வைத் திறக்கச் சொல்கிறேன்.