எஸ்எஸ்எச் சான்றிதழும் யுஎஸ்பி சாவியும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

தொலைவிலுள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்-இல் பாஸ்வேர்டு உள்நுழைவை மூடிவிட்டுப் பொதுச் சாவிக்கு (ஒரு பாதி சர்வரில், ரகசியப் பாதி நம் கணினியில் இருக்கும் சாவி ஜோடி) மாறுவது எளிது. சர்வரின் பதிவேடான லாகைப் பார்த்தால் பாட்கள் (தானாக ஓடும் நிரல்கள்) கதவைத் தட்டிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் ஊகிக்க எதுவும் இல்லை. எஸ்எஸ்எச் வழக்கமாக இயங்கும் 22-ஆம் போர்ட்டை மாற்றினால் லாக் கொஞ்சம் சுத்தமாகும், அவ்வளவுதான்.

அடுத்த கவலை, லேப்டாப்பில் கிடக்கும் சாவிக் கோப்பு. பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 8.2 பதிப்பு (பிப்ரவரி 2020) முதல் ஃபிடோ என்ற உள்நுழைவுத் தரநிலைப்படி அமைந்த யுஎஸ்பி சாவியைப் பயன்படுத்தலாம். கோப்பு திருடு போனாலும் கருவி கையில் இல்லாமல் உள்ளே போக முடியாது. உள்நுழையும் ஒவ்வொரு முறையும் கருவியைத் தொட வேண்டும் என்பது முதலில் எரிச்சலூட்டும். கன்ட்ரோல்மாஸ்டர் அமைப்பைப் போட்டு ஒரே இணைப்பைப் பகிர்ந்த பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது. கருவி தொலையலாம் என்பதால் இரண்டாவதையும் முதல் நாளே பதிந்துவிடுங்கள்.

ஆனால் நிஜத் தலைவலி உள்ளே விடுவதில் இல்லை, வெளியே அனுப்புவதில்தான். வேலையை விட்டுப் போனவரின் சாவி எந்தெந்த சர்வரில் மிச்சமிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதற்கு மருந்து சான்றிதழ். 2010-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 5.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஏனோ பலர் கண்டுகொள்வதில்லை. சர்வர்கள் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சாவி ஒன்றை மட்டும் நம்பும்; அது கையெழுத்திட்ட சான்றிதழ் எங்களிடம் எட்டு மணி நேரத்தில் காலாவதியாகும். தேடித்தேடி நீக்கும் வேலையே இல்லை. சர்வருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டால், முதல் இணைப்பில் சர்வர் சாவியின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் எழுத்துச் சரத்தை) படிக்காமலே ‘யெஸ்’ அடிக்கும் பழக்கமும் ஒழியும்.

தொல்லைகளும் உண்டு. சர்வரின் கடிகாரம் பின்தங்கினால் புதுச் சான்றிதழ் ‘இன்னும் செல்லாது’ என்று நிராகரிக்கப்படும்; கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி அவசியம். சிஏ சாவி கைமாறினால் எல்லா சர்வரும் போச்சு. சான்றிதழ் தரும் சேவையே படுத்துவிட்டால் நுழைய கன்சோல் வழி (எஸ்எஸ்எச் இல்லாமல் சர்வரை நேரடியாக அணுகும் வழி) ஒன்று வேண்டும். இரண்டு மூன்று சர்வர் மட்டும் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் அதிகப்படி, யுஎஸ்பி சாவியே போதும்.

இரவில் பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டால் கருவியைத் தொட முடியாதே? அதற்கு மட்டும் தனிச் சாவி வைத்திருக்கிறோம்: ஒரே ஐபியிலிருந்து, ஒரே கட்டளைக்கு மட்டும் அனுமதி.