மாஸ்கோ பான்யா: ஆறு வருடம் போய் வந்த பிறகு எழுதுகிறேன்

நான் முதன்முதலில் பான்யாவுக்கு, அதாவது ரஷ்யர்களின் நீராவிக் குளியல் கூடத்துக்குப் போனது பனிக்காலத்தில் இல்லை, ஜூன் மாதத்தில். மாஸ்கோவில் ஊர்ப் பொதுக் குழாய் வழியாகத்தான் வீட்டுக்கு வெந்நீர் வரும். கோடையில் அந்தக் குழாய்களைச் சோதிக்கவும் பழுது பார்க்கவும் பகுதி பகுதியாகப் பத்து நாள் வரை வெந்நீரை நிறுத்திவிடுவார்கள். ஜூனிலும் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்ற முடியாது, அவ்வளவு குளிர்ச்சி. மூன்று நாள் கெட்டிலில் காய்ச்சி வாளியில் கலந்து குளித்துக்கொண்டிருந்த என்னை, பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், இதெல்லாம் ஒரு குளியலா என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். அன்றிலிருந்து, ஊருக்கு வந்திருந்த மாதங்கள் தவிர, பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்க்கொண்டிருக்கிறேன்.

கூச்சத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நம் பெண்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். பொதுப் பான்யாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடம், சின்ன இடமாக இருந்தால் தனித்தனி நாள். உள்ளே யாரும் உடை போட்டிருப்பதில்லை. நான் மட்டும் நீச்சலுடையோடு போனேன், அந்தத் துணி சூட்டில் உடம்போடு ஒட்டிக் காந்தத் தொடங்கியதும் நானே கழற்றிவிட்டேன். எழுபது வயதுப் பாட்டியிலிருந்து கல்லூரிப் பெண் வரை, ஆபரேஷன் தழும்பும் பிரசவ வரியுமாக எல்லா உடம்பும் அங்கே இருக்கும், யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. பருத்தி விரிப்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மூன்றாவது தடவையில் எனக்குக் கூச்சம் போய்விட்டது.

நகை விஷயம் எனக்கு யாரும் சொல்லித் தராதது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராமல் போட்டுக்கொண்டே போனேன். தங்கம் சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். இரண்டாவது நிமிடமே கழுத்தில் சுட்டு, சிவந்த தடம் ஒரு வாரம் இருந்தது. மூக்குத்தியும் அப்படித்தான். இப்போதெல்லாம் பான்யா நாளில் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொள்கிறேன், சங்கிலி வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும்.

சரி, நீராவிக்கு வருகிறேன். சௌனாவும் பான்யாவும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பின்லாந்து சௌனாவில் 80, 90 டிகிரி, சில இடங்களில் அதற்கும் மேல், ஆனால் காற்று வறண்டிருக்கும். பான்யாவின் ஆவி அறையை, அதாவது பரீல்காவை, நன்றாக வைத்திருந்தால் 60, 70 டிகிரியே போதும், ஈரம் மிக அதிகம். எண் குறைவாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். மே மாதச் சென்னைப் புழுக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், வேர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது.

ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு செங்கல் அடுப்பு. அதற்குள் கல்லோ வார்ப்பிரும்புக் கட்டியோ இரவெல்லாம் காய்ந்து பழுத்துக் கிடக்கும். இரும்புக் கதவைத் திறந்து, நீளக் காம்புள்ள கரண்டியால் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வீசுவார்கள். கல் நன்றாகக் காய்ந்திருந்தால் தண்ணீர் பட்ட கணமே கண்ணுக்குத் தெரியாத ஆவியாகிவிடும், மூச்சு விட இதமாக இருக்கும். கல்லில் சூடு போதாவிட்டாலோ, அவசரப்பட்டு நிறைய ஊற்றிவிட்டாலோ வெள்ளை மூட்டமாகக் கனத்த ஆவி வந்து நெஞ்சை அடைக்கும். குளித்து வெளியே வருகிறவரிடம் இங்கே சொல்கிற வாழ்த்து “ஸ் லியோக்கிம் பாரம்”, அதாவது லேசான ஆவியோடு. ஏதோ மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கனத்த ஆவியில் ஒருநாள் மூச்சுத் திணறிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

பான்யாவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஆவி எல்லோருக்கும் பொது. அவரவர் இஷ்டத்துக்கு ஊற்ற முடியாது. அரை மணிக்கு ஒருமுறை எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பழக்கப்பட்ட இரண்டு பெண்கள் உதிர்ந்த இலைகளைக் கூட்டி, கதவைத் திறந்து காற்றாட விட்டு, மறுபடி மூடி, ஆவி போடுவார்கள். கூப்பிட்டதும் நாங்கள் குனிந்தபடி படியேறி, போலக் என்கிற மேல் மரத்தட்டில் சத்தமில்லாமல் உட்காருவோம். ஆவி முதலில் கூரையில்தான் நிற்கும், மெல்ல மெல்லத் தோளுக்கு இறங்கும். அது இறங்குகிற வரை யாரும் பேசக் கூடாது. இந்த முறை தெரியாமல் இரண்டாவது தடவை போனபோது நானே எழுந்து ஒரு கரண்டி ஊற்றிவிட்டேன், உள்ளே இருந்த ஏழெட்டுப் பேரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது என்று இப்போது புரிகிறது, அரை மணி நேர வேலையைக் கெடுத்துவிட்டேன்.

அப்புறம் வேனிக். இலையோடு கட்டிய கிளைக் கட்டு, பெரும்பாலும் பிர்ச் மரம் அல்லது ஓக். ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் இலை இளசாக இருக்கும்போது வெட்டி நிழலில் காய வைப்பார்கள். பிர்ச் மென்மையானது, ஓக் இலை தடித்து அகலமாக இருப்பதால் இரண்டு மூன்று முறை தாங்கும், நான் ஓக் கட்சி. முதலில் மிதமான தண்ணீரில் நனைத்து, அப்புறம் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைக்க வேண்டும், அதிகம் ஊறினால் இலை கொட்டிவிடும். அடிப்பதுதான் வேலை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் மேலே நிற்கிற சூட்டை விசிறி உடம்புக்குக் கொண்டுவந்து, அங்கங்கே அழுத்தி வைப்பதுதான் வேலை. வெளியே வந்ததும் ஒரு வாளிப் பச்சைத் தண்ணீர், அப்போது வருகிற மூச்சு இருக்கிறதே, அதற்காகவே போகலாம்.

அம்மா வந்திருந்தபோது யூகலிப்டஸ் வேனிக்கை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது வேது பிடிக்கிறதுதானேடி” என்றார். நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வைத்துப் பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டுகிற வீட்டில் வளர்ந்தவர். அந்தக் காலத்து ரஷ்யக் கிராமங்களில் பிரசவமே பான்யாவில்தான் பார்ப்பார்கள், வெந்நீரும் சூடும் தனிமையும் அங்கேதான் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் அன்றைக்கு ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிட்டார்கள்.

எங்கே போவது என்று கேட்கிறீர்கள். சந்தூனியை எல்லோரும் சொல்வார்கள். சிலா சந்துனோவ் என்ற நாடக நடிகர் 1808இல் தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் 1896இல் வந்தது. அரண்மனை மாதிரி இருக்கும், ஒருமுறை கட்டாயம் பார்க்கலாம், ஆனால் செலவு அதிகம். 1888இலிருந்து இருக்கிற ர்ஷேவ் பான்யா எனக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. வழக்கமாக நான் போவது எங்கள் பகுதியில் இருக்கிற, சுவர் ஓடு பெயர்ந்த ஒரு சின்ன இடம். நடுவில் புதிதாகத் திறந்த வேறொரு இடத்துக்கும் போனேன், பளபளப்பாக இருந்தது, ஆனால் மின்சார அடுப்பு, காற்றுப் போக்கு இல்லை, பலகையில் பூஞ்சை வாடை. மூன்று முறை பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

உடம்புக்கு என்ன ஆனது? தூக்கம் நன்றாக மாறியது, தோள்பட்டை இறுக்கம் இரண்டு நாளைக்குத் தளர்கிறது. எடை குறையாது, போவது தண்ணீர்தான், இரண்டு கோப்பை டீயில் திரும்பி வந்துவிடும். சளியே பிடிக்காது என்பார்கள், எனக்குப் பிடித்தது. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம், காய்ச்சலோடும் மது குடித்துவிட்டும் போகவே கூடாது. வெறும் வயிற்றில் போய் எனக்கு ஒருமுறை கண் இருட்டிவிட்டது. முதல் தடவை கீழ்ப்படியில் ஐந்து நிமிடம் போதும், இறங்கும்போது சட்டென்று எழாமல் ஒரு நிமிடம் கால் தொங்கப்போட்டு உட்காருங்கள். தலைக்குக் கம்பளித் தொப்பி அவசியம், தலைமுடியை நனைக்காமல் அதற்குள் செருகிவிடுங்கள். நம் முடி காய நேரம் எடுக்கும், மைனஸ் 15இல் ஈரத் தலையோடு தெருவில் இறங்கக் கூடாது, அதனால் இரண்டு மணி நேரச் சீட்டில் கடைசி அரை மணியை முடிக்கென்றே ஒதுக்குகிறேன்.

முடிந்தால் வார நாளில் காலை முதல் வேளைக்குப் போங்கள். இரவெல்லாம் காய்ந்த கல் அப்போதுதான் முழுச் சூட்டோடு இருக்கும், சாயங்காலத்துக்குள் ஊற்றி ஊற்றி அது சோர்ந்துவிடும்.