"100 மணி நேரம் ஓடட்டும்" என்றால் நம்பாதீர்கள்: எட்டு மாதச் சேமிப்பு போய்விட்டது

நேற்று மாலை ஸ்பீக்கர் வாங்கின கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது: "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." யாரைக் கேட்டு முடித்தார்கள்? ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்காக என் எட்டு மாதச் சேமிப்பு போயிருக்கிறது. குறைந்த செலவில் வீட்டில் ஸ்டீரியோ அமைக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாங்கியது ஆடியோ சாமான்கள் மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில். பெயர் சொல்லப் போவதில்லை. ஆர்டர் போடுவதற்கு முன் போன் செய்தேன். பேசியவர் எடுத்தவுடன் விலையைச் சொல்லவில்லை. அறை எவ்வளவு பெரியது, ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட், ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சுவரை ஒட்டித்தான் என்றேன். "அப்படின்னா பின்பக்கம் ஓட்டை உள்ளது வேண்டாம் சார், பேஸ் (அடித்தொனி) கும்முன்னு அடைச்சுக்கும். முன்பக்கம் போர்ட் உள்ளதை எடுங்க" என்றார். நான் கேட்ட விலை கூடின மாடலையும் வேண்டாம் என்றார். "உங்க ரூமுக்கு இதுவே தாராளம், காசை வீணாக்காதீங்க." அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். விலை கூடினதை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை யார் சந்தேகப்படுவார்கள்? முழுப் பணத்தையும் அன்றே கட்டினேன்.

பெட்டி வந்தபோது டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தது. பார்த்தேன், அனுப்பும்போது ஒட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அன்று இரவே தெரிந்துவிட்டது. பாடும் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து வர வேண்டும், இடது பக்கம் சாய்ந்து வந்தது. வலது பக்கத்தில் டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒலியே இல்லை, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருந்தது. ஒயரை இடம் வலம் மாற்றிப் போட்டேன். அப்போதும் அதே பெட்டிதான் மங்கல். அதாவது ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறது, கோளாறு அந்தப் பெட்டியில். அன்றிரவே மெயில் போட்டேன்.

மறுநாள் அதே மனிதர், அதே கனிவான குரல். "புது ஸ்பீக்கர் அப்படித்தான் சார் இருக்கும். 100 மணி நேரம் ஓடட்டும், திறந்துக்கும்." ஒரு நாளைக்கு 3 மணி நேரம் கேட்டால் 100 மணி நேரத்துக்கு 33 நாளுக்கு மேல் ஆகும். திருப்பி அனுப்ப அவர்கள் தரும் அவகாசமோ 10 நாள். இந்தக் கணக்கு எனக்கு அப்போது உறைக்கவில்லை, அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அப்புறம் ஒயரை மாற்றச் சொன்னார்கள். அறை சரியில்லை என்றார்கள். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டிலும் ஏறக்குறைய 6 ஓம் காட்டியது. "பாருங்க, ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். 11ஆம் நாள் போன் செய்தால், "ரிட்டர்ன் தேதி முடிஞ்சிருச்சே சார்."

ஸ்பீக்கர் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ட்வீட்டரை, அதாவது மெல்லிய உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரை, கழற்றிக் காட்டினார். அதன் கம்பிச்சுருள் கருகி அறுந்திருந்தது. ஸ்க்ரூ தலைகளில் கீறல், ஏற்கெனவே யாரோ கழற்றி மாட்டிய பெட்டி. மல்டிமீட்டர் கதையையும் அவர்தான் விளக்கினார். ட்வீட்டருக்கு முன்னால் கெப்பாசிட்டர் இருக்கிறது, மீட்டர் அனுப்பும் டிசி மின்சாரம் அதைத் தாண்டாது. ஆகவே வெளியே டெர்மினலில் வைத்துப் பார்த்தால் அடித்தொனி தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபர் மட்டும்தான் கணக்கில் வரும். ட்வீட்டர் செத்திருந்தாலும் மீட்டர் நல்லது என்றே சொல்லும். கடைக்காரர்களுக்கு இது தெரியாதா?

படங்களோடு மெயில் அனுப்பினேன். "நீங்கள் சத்தத்தை அதிகம் ஏற்றி எரித்துவிட்டீர்கள்" என்று பதில். ஆம்ப்ளிஃபயர் திணறும் அளவுக்கு ஏற்றினால் ட்வீட்டர் எரியும், உண்மைதான். ஆனால் நான் முதல் மெயில் போட்டது பெட்டி திறந்த அன்றைக்கே! அதற்குப் பதில் இல்லை, புகாரை முடித்துவிட்டார்கள். எட்டு மாதச் சேமிப்பு அங்கே, கருகின ட்வீட்டர் இங்கே.

விவரமாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள், ஸ்க்ரூக்களும் அதில் தெரிய வேண்டும். முதல் நாளே மோனோவில் (இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்படி) ஒரு பாட்டைப் போட்டு, பேலன்ஸை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, பிறகு மறுபக்கம் திருப்பிக் கேளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். குறைந்த சத்தத்தில் ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பாருங்கள். பிஎம்பிஓ (கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். போனில் சொல்வதை எல்லாம் மெயிலில் எழுதி வாங்குங்கள். "ஓடட்டும்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.