மலைக்கு பிரஷ் கட்டர் கொண்டு போகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு விழுந்த இரண்டு பில்

சிறுமுகைப் பக்கம் வாழையும் பாக்கும் போட்ட கொஞ்சம் நிலம் எங்களுடையது. களை வெட்ட ஆள் கிடைக்காமல் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வாங்கினேன். ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. அப்படிப்பட்ட மிஷினுக்கு ஏப்ரல், மே இரண்டே மாதத்தில் 6,850 ரூபாய் அழுதேன். மேலே ஒரு கடையில் 1,650, கீழே ஒரு கடையில் 5,200. உண்மையில் தேவைப்பட்டது ஒரு ஸ்குருவைக் கால் சுற்று திருப்புகிற வேலை. கூலியாக ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தால் போதும்.

கடைப் பெயர்களைப் போடவில்லை, அதற்கு வேறு தலைவலி வரும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மச்சினனுக்குக் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம். வரிசைக்கு நடுவில் களை மண்டிவிட்டது. “மாமா, உங்க மிஷினைக் கொண்டாங்க, ரெண்டு நாள்ல முடிச்சுரலாம்” என்றான். கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போனேன். கீழே முதல் நாள் வரை கில்லி மாதிரி ஓடியது, அங்கே திராட்டிலை முழுதாக அமுக்கினால் திணறுகிறது. ஒரே புகை. பிளேடு புல்லில் பட்டதும் சத்தம் அடங்கிப் போகிறது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பி ஈரமாக இருக்கிறது.

அங்கேயே ஒரு கடையில் கொடுத்தோம். சாயங்காலம் போனபோது மிஷின் கொக்கரித்தது. “கார்பரேட்டர் போயிருச்சுங்கண்ணா, புதுசு போட்டிருக்கேன்” என்றார் கடைக்காரர். பில்லிலும் அப்படித்தான் எழுதியிருந்தார். பழையது எங்கே என்று நான் கேட்கவில்லை. மிஷின் ஓடுகிற சந்தோஷத்தில் யாருக்குத்தான் அது தோன்றும்? இரண்டு நாளில் தோட்டம் சுத்தமானது, நானும் இறங்கிவிட்டேன்.

மே மாதம் ஒரு மதியம், வாழைக்குள் இறங்கினேன். சத்தம் வழக்கத்தைவிடக் கீச்சென்று ஏறி இருந்தது. புதுக் கார்பரேட்டர் வேகம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன், அந்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபது நிமிடம் ஓடியிருக்கும். சத்தம் இன்னும் ஒரு படி ஏறி, பட்டென்று நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

வாங்கிய கடைக்கே கொண்டு போனேன். கழற்றிப் பார்த்த உடனே தீர்ப்பு: “கலப்பட ஆயில் ஊத்திருக்கீங்க.” நான் மெடிக்கலில் வாங்கிய சிரிஞ்சில் லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி என்று அளந்து ஊற்றுகிறவன், ஆயிலும் அவர் கடையில் வாங்கியதுதான். அதைச் சொன்னதும் “அப்படின்னா அளவு தப்பா இருக்கும்” என்றார். பிளாக், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றி 5,200. இந்த முறை பழைய பிஸ்டனைக் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். திரும்பி வந்த மிஷின் அதே கீச்சுச் சத்தம்தான் போட்டது.

புது பிஸ்டன் பிழைத்தது ஒரு பெரியவரால். மேட்டுப்பாளையம் மர டிப்போக்களில் பல வருடமாக செயின் சா ஓட்டுகிறவர். அன்று எங்கள் வேலியோரம் சாய்ந்த மரத்தை அறுக்க வந்திருந்தார். நான் மிஷினை எடுத்து அரை நிமிடம்கூட ஆகவில்லை, தூரத்திலிருந்தே கையை ஆட்டி “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று வந்தார். பேப்பரில் சுற்றிய பிஸ்டனைக் காட்டினேன். சைலன்சர் பக்கம் மட்டும் செங்குத்தாகக் கீறிக் கிடந்தது, மற்ற பக்கம் பளபளவென்று இருந்தது. “ஆயில் இல்லாம போனா சுத்தியும் கீறியிருக்குமுங்க. இது பெட்ரோல் பத்தாம சூடேறிப் புடிச்சது” என்றார்.

அப்புறம் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினார். கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்க எச், எல் என்று இரண்டு சின்ன ஸ்குரு; முழு வேகத்துக்கு எச், மெதுவான ஓட்டத்துக்கு எல். அதிகமாகத் திருப்பாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தொப்பி இரண்டிலும் இல்லை, பள்ளத்தில் புதுசாக ஸ்குரு டிரைவர் கீறல். எச் ஸ்குருவை மெதுவாக அடி வரை மூடிக்கொண்டே சுற்றை எண்ணினார். அரைச் சுற்றுதான் திறந்திருந்தது. என் மிஷினின் மேனுவலில் போட்டிருப்பது ஒன்றேகால்.

அவர் கையில் இருந்ததை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். கார்பரேட்டரின் அடியில், பெட்ரோல் பம்ப் பல்பைப் பிடிக்கும் மூலை போன வருடமே உடைந்து, நானே எம்-சீல் வைத்து ஒட்டியிருந்தேன். என் கட்டைவிரல் ரேகையோடு அந்த எம்-சீல் அப்படியே இருந்தது. இதுதான் 1,650 ரூபாய்க்குப் போட்ட “புது” கார்பரேட்டர்.

விஷயம் இதுதான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கோத்தகிரி போவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். நாங்கள் இருப்பது சுமார் 300 மீட்டர் உயரத்தில், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் அங்கே. எஞ்சின் அதே அளவு காற்றை இழுத்தாலும் அதில் சரக்கு குறைவு. காற்று மெலிந்த அளவுக்கு கார்பரேட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளாது. காற்று 12 சதவீதம் மெலிந்தால் பெட்ரோல் 6 சதவீதம்தான் குறையும். அதனால்தான் புகை, கரி, திணறல். கோளாறு எதுவும் இல்லை. எச் ஸ்குருவைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி பெட்ரோலைக் குறைத்தால் போதும். கோத்தகிரிக்காரர் செய்ததும் அதைத்தான், ஆனால் தேவைக்கு மேல் முடுக்கிவிட்டார். சத்தம் தூக்கினால் கஸ்டமர் குளிர்ந்துவிடுவார் அல்லவா. கீழே போகும்போது பழையபடி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கார்பரேட்டர் மாற்றாதது தெரிந்துவிடும்.

கீழே இறங்கினால் காற்று கனத்துவிடும், ஸ்குரு மலைக்கு வைத்த அளவிலேயே நிற்கும், பெட்ரோல் பத்தாது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும், ஆயிலும் குறையும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு, அதுவும் கலவையை மெலிய வைக்கும்.

வெயில், குளிர் என்று சொல்லியும் சில கடைகளில் “சீசன் டியூனிங்” போடுகிறார்கள். குளிர்ந்த காற்று கனம், சூடான காற்று மெலிசு என்பது நிஜம்தான். ஆனால் 36 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் வித்தியாசம் 5 சதவீதத்தைச் சுற்றித்தான். ஒரே ஊரில் ஓடும் மிஷினுக்கு அதற்காக ஸ்குருவைத் தொட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: சித்திரை மதியத்தில் விளிம்பு வரை இழுத்து டியூன் செய்துவிட்டால், மார்கழி விடியலில் அதே மிஷின் பெட்ரோல் பத்தாமல் ஓடும்.

பெரியவர் காட்டிய முறை: மிஷினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, பிளேடுக்குப் பதில் போடும் நைலான் கயிறு முழு நீளம் இருக்க, முழு திராட்டிலில் கேட்க வேண்டும். காற்றில் சும்மா சுற்றும்போது லேசாகத் தடதடக்க வேண்டும், புல்லில் பட்டதும் அந்தத் தடதடப்பு தெளிய வேண்டும். காற்றிலேயே தெளிவாகக் கீச்சிட்டால் பெட்ரோல் பத்தவில்லை என்று அர்த்தம். பிளக் முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி, வெள்ளையாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். எல்லாம் சரியாக வைத்தாலும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் மூன்றரை சதவீதம் சக்தி போகும். கோத்தகிரியில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போவது இயல்பு, அதைத் திருப்பித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஜெனரேட்டர், பவர் வீடர் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் எச் ஸ்குரு இருக்காது, பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள மெயின் ஜெட்டையே சின்னதாக மாற்ற வேண்டும். மாற்றினால் கழற்றிய ஜெட்டைக் கையோடு வாங்கி வையுங்கள், இறங்கியதும் அதையே போட வேண்டும்.

கீழ்க்கடைக்காரரிடம் பிஸ்டனையும் சுற்றுக் கணக்கையும் சொன்னேன். புது பிளாக் போட்டவர் கார்பரேட்டரை எட்டிக்கூடப் பார்க்காதது எப்படி என்று கேட்டேன். “நீங்க எதுக்குங்க மலைக்குக் கொண்டு போனீங்க?” என்றார். கோத்தகிரிக்குப் போன் செய்தால் “அன்னிக்கு நல்லா ஓடிச்சில்லைங்களாண்ணா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். காசு ஒரு பைசா திரும்பவில்லை.

இப்போது டேங்க் மேல் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்: கீழ 1¼, மேல 1. ஐப்பசியில் மச்சினன் மறுபடியும் கூப்பிட்டான். போனதும் கால் சுற்று மூடினேன், வேலை முடிந்து டிக்கியில் ஏற்றும் முன்பே கால் சுற்று திறந்துவிட்டேன். திரும்பும் வழியில் அந்தக் கடை வாசலில் டீக்கு நிறுத்தினோம். கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு “மிஷின் எப்படிங்கண்ணா ஓடுது?” என்றார்.

“புதுக் கார்பரேட்டர் ஆச்சே” என்றேன். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.